எலிகள் எழுந்து நடந்த அந்த ஊசி: உள்ளே என்ன இருக்கிறது, அண்ணாவுக்குக் கிடைக்குமா?

தம்பலகாமத்திலிருந்து, உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணா இரண்டு வருடத்துக்கு முன் தேங்காய் பறிக்க ஏறி, மரத்தால் விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலியில் இருக்கிறார். அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி முடங்கிய எலிகளுக்கு ஊசி போட, நாலு கிழமையில் அவை நடந்தன என்று தங்கச்சி ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். அந்த ஊசி என்ன, அண்ணாவுக்கு அது கிடைக்குமா, இந்தத் துறையைப் படிக்க என்ன வழி என்பவைதான் கேள்விகள்.

தங்கச்சி, அண்ணாவின் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி இன்றைக்கு எந்த நாட்டிலும் நோயாளிகளுக்குக் கொடுக்க அனுமதி பெற்ற மருந்து இல்லை. கொழும்பிலோ சென்னையிலோ காசு கட்டி வாங்கக்கூடிய பொருளும் இல்லை. வீடியோக்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற இன்னொரு விபரம் இருக்கிறது: எலிகளுக்கு ஊசி போட்டது முண்ணாணில் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டில்) காயம் பட்டு 24 மணித்தியாலத்தில். அந்த நேரத்தில் பல நரம்புக் கலங்கள் இன்னும் சாகவில்லை, தழும்பு இழையமும் இறுகவில்லை. இரண்டு வருடம் ஆன காயத்தின் நிலைமை வேறு. அங்கே தழும்பு உறுதியாகிவிட்டிருக்கும், கால் தசைகளும் மெலிந்திருக்கும். அந்த எலி ஆய்வை வைத்துக்கொண்டு அண்ணாவுக்கு இப்படி ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. இதே பெயரைச் சொல்லி, அல்லது "ஸ்டெம் செல்" என்று சொல்லி, லட்சக்கணக்கில் கேட்டு யாராவது வந்தால் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். காணியை விற்றுக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

இப்போது அண்ணாவுக்கு உதவுவது வேறு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் படுக்கையில் திருப்பி விடுவது, குதிக்காலையும் பிட்டத்தையும் தினமும் பார்த்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று கவனிப்பது, சிறுநீர்த் தொற்று வராமல் காப்பது, இயன்மருத்துவப் பயிற்சியை விடாமல் செய்வது. திருகோணமலை வைத்தியசாலையில் சொல்லி, ராகமவில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். நாளைக்கு எந்தச் சிகிச்சை வந்தாலும், மூட்டு இறுகாமல் தோல் புண்ணாகாமல் இருக்கிற உடம்பில்தான் அதற்கு வேலை செய்ய இடம் இருக்கும்.

சரி, அந்த ஊசியின் விஷயத்துக்கு வருவோம்.

அந்த விஞ்ஞானி சாமுவேல் ஸ்டப். கொஸ்தா ரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். சிக்காகோவுக்குப் பக்கத்திலுள்ள நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் 1977இல் பொருளியல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தார். பிறகு இல்லினோய் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் இருந்துவிட்டு 1999இல் படித்த இடத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். பொருளியல் என்றதும் பணம் பற்றிய படிப்பை நினைக்காதீர்கள். உலோகம், மட்பாண்டம், பிளாஸ்டிக், என்பு என எந்தப் பொருளும் ஏன் அப்படி இருக்கிறது, அதை எப்படி மாற்றலாம் என்று பார்க்கிற துறை இது. அவர் வைத்தியர் இல்லை. மூலக்கூறுகளை வரைந்து, அவை தாமாகவே கூடி ஒரு பொருளாக மாறும்படி செய்வதுதான் அவருடைய வாழ்நாள் வேலை.

தாமாகவே கூடுவது என்றால் என்ன? கிண்ணியாவில் நோன்பு காலத்தில் கடற்பாசி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை நார் மாதிரி இருக்கிற பாசியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். அது முழுதும் கரைந்த பிறகு சீனியும் பாலும் சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, யாரும் கிளறவும் தேவையில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்குள் தட்டில் கத்தி வைத்து வெட்டலாம். உள்ளே நடப்பது இதுதான்: பாசியில் இருக்கிற அகாரோசு ஒரு நீளமான பல்பகுதியம், அதாவது சின்ன அலகுகள் திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி. கொதிநீரில் அதன் சங்கிலிகள் பிரிந்து தனித்தனியாக அலைகின்றன. வெப்பம் 40 பாகைக்குக் கிட்ட இறங்கும்போது சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுகி, அந்த முறுக்குகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து ஒரு வலையாகின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் பிடிபட்டுவிடுகிறது. திருகோணமலையில் சித்திரை மாத மத்தியானம் 34 பாகைக்குப் போனாலும் அது உறைகிறது, ஏனென்றால் உறைநிலை அதற்கும் மேலே இருக்கிறது. மறுபடி உருக்க வேண்டுமென்றால் 85 பாகைக்குக் கிட்டச் சூடாக்க வேண்டும். மாட்டெலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இதற்கு நேர்மாறு, நம்முடைய வெயிலிலேயே உருகி ஓடிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, உறையும்போது ஒரு புதிய பங்கீட்டு வலுப்பிணைப்புக்கூட (அணுக்கள் இலத்திரன்களைப் பகிர்ந்து போடுகிற பலமான பிணைப்பு) உருவாகவில்லை. எல்லாம் ஐதரசன் பிணைப்புகள், தண்ணீரோடு ஒட்டுவதா விலகுவதா என்ற தெரிவுகள். ஒவ்வொன்றும் பலவீனமானது, கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் பலம். கொட்டியாரக்குடாவில் போடுகிற நைலோன் வலையில் அணுக்கள் சங்கிலி நெடுகப் பங்கீட்டு வலுவால் பிணைந்திருக்கின்றன. அதனால்தான் அறுந்து கடலடியில் போன வலை எத்தனையோ வருடம் அப்படியே கிடந்து மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடலில் அது கேடு. உடம்புக்குள் போடுகிற பொருளும் அப்படிக் கிடக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கரைந்து போக வேண்டும், கலங்கள் அதைத் தள்ளி இடம் எடுக்க வேண்டும்.

பல்பகுதியம் என்பது உண்மையிலேயே நீண்ட சங்கிலி என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் சொன்னபோது பெரிய பெரிய இரசாயனவியலாளர்கள் ஏற்கவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலக்கூறுகள் பலவீனமான விசைகளால் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேர்வதைப் பற்றிய ஆய்வுக்கு 1987இல் கிராம், லேன், பெடர்சன் மூவருக்கும் நோபல் கிடைத்தது. ஸ்டப் செய்தது இந்த இரண்டு வழிகளும் சந்திக்கும் இடத்தில். சின்ன மூலக்கூறுகளே வரிசையில் நின்று, பங்கீட்டு வலு இல்லாமலே ஒரு நீண்ட நாராக, அதாவது ஒரு பல்பகுதியமாக, நடந்துகொள்ள வைத்தார்.

அந்த மூலக்கூறை ஒருதரம் கிட்ட நின்று பார்ப்போம், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. 2001இல் ஜெஃப்ரி ஹார்ட்கெரிங்க், எலியா பெனியாஷ், ஸ்டப் மூவரும் எழுதிய கட்டுரையில் வருகிற மூலக்கூறு இது. ஒரு முனையில் 16 காபன் நீளமான கொழுப்பு வால். தேங்காய் எண்ணெயிலும் இருக்கிற பாமிற்றிக் அமிலத்தின் அதே வால். அது தண்ணீரை வெறுக்கும். அதற்கடுத்து சிஸ்டீன் என்ற அமினோவமிலம் நாலு. சிஸ்டீனில் கந்தகம் இருப்பதால், நார் உருவான பிறகு பக்கத்துச் சிஸ்டீனோடு பிணைந்து நாரைப் பூட்டும், வேண்டும்போது அந்தப் பூட்டைத் திறக்கவும் முடியும். பிறகு கிளைசீன் மூன்று, தலைப்பகுதி வளைந்து கொடுப்பதற்காக. அதன் பிறகு பொசுபேற்று ஏற்றிய ஒரு செரீன், கல்சியத்தைப் பிடிக்க. கடைசி முனையில் ஆர்ஜினின், கிளைசீன், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று. நம் உடம்பின் கலங்கள் பிடித்து ஒட்டிக்கொள்ளத் தெரிந்த ஒரு அடையாளம் அது.

வால் தண்ணீரை வெறுக்கிறது, தலை தண்ணீரை விரும்புகிறது. சவர்க்காரத்தின் மூலக்கூறும் இந்த வகைதான். சவர்க்காரம் உருண்டையாகக் கூடும். ஸ்டப்பின் மூலக்கூறில் நடுப்பகுதி அமினோவமிலங்கள் பக்கத்து மூலக்கூறோடு ஐதரசன் பிணைப்புப் போட்டுக்கொள்வதால் அது உருண்டையோடு நிற்காமல் நீண்ட நாராக வளர்கிறது. வால்கள் உள்ளே, அடையாளங்கள் எல்லாம் வெளியே. நாரின் தடிப்பு 10 நனோமீற்றருக்குள், நம்முடைய தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீளமோ மைக்குரோமீற்றர் கணக்கில். காரக் கரைசலில் மூலக்கூறுகளின் மறை ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அது தெளிந்த நீராகவே இருக்கும். கொஞ்சம் அமிலம் விட்டால், அல்லது கல்சியம் சேர்த்தால், ஏற்றம் அடங்கிக் கூழாகிவிடும். நான் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் இதே வகைப் பெப்ரைட்டு (அமினோவமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி) ஒன்றைக் கையாண்டிருக்கிறேன். குழாய் நுனியிலிருந்து தண்ணீர் போல் விழுகிற சொட்டு, உப்புக் கரைசலைத் தொட்ட இடத்தில் நின்றுவிடும். குப்பியைக் கவிழ்த்தாலும் விழாது. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஊசியின் முழுத் தந்திரமும் இதுதான், தங்கச்சி. ஊசிக்குள் அது திரவம். உடம்புத் திரவத்தில் இருக்கிற அயன்களைச் சந்தித்தவுடன் காயத்தின் குழிக்குள்ளேயே கூழாகி, அந்தக் குழியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். வெளியே செய்து, வெட்டி உள்ளே வைக்கத் தேவையில்லை.

2001இல் அவர்கள் காட்டியது என்பு சம்பந்தமானது. அந்த நார்களின் மேல் கல்சியம் பொசுபேற்றுப் பளிங்குகள் வளர்ந்தன. வளர்ந்தது மட்டுமில்லை, பளிங்கின் நீள அச்சு நாரின் நீளத்தோடு ஒரே திசையில் வந்தது. நம் என்பில் கொலாஜன் என்ற புரத நாரின் மேல் ஐதரொட்சியபற்றைற்று என்ற கல்சியம் பொசுபேற்றுக் கனிமம் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. 2004இல் சிஸ்டீன்களின் இடத்தில் அலனின்களை வைத்து, கடைசி அடையாளத்தையும் மாற்றினார்கள். லமினின் என்கிற புரதத்தில் நரம்புக் கலங்கள் வாசிக்கிற ஐந்து அமினோவமிலங்களை (ஐசோலியூசின், லைசின், வேலின், அலனின், வேலின்) நுனியில் வைத்தார்கள். இளம் நரம்புக் கலங்களை அந்தக் கூழுக்குள் வைக்க, அவை வேகமாக நரம்புக் கலங்களாகவே முதிர்ந்தன. தழும்பை உண்டாக்குகிற பக்கத்துக் கலங்களாக மாறியவை மிகக் குறைவு. அடிப்படை அமைப்பு அதே, நுனியில் உள்ள அடையாளம் வேறு, வேலையும் வேறு. இதைப் படித்தபோதுதான் எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்தது.

2008இல் பெரிய மூலக்கூறையும் சின்ன மூலக்கூறையும் சேர்த்தார்கள். மூட்டுகளில் இருக்கிற ஹயலூரோனிக் அமிலம் ஒரு நீளப் பல்பகுதியம். அதன் கரைசலும் பெப்ரைட்டுக் கரைசலும் தொட்ட எல்லையில் நொடியில் ஒரு சவ்வு உருவானது, அதையே மூடிய பையாகவும் ஆக்க முடிந்தது. பை கிழிந்தால் அந்த இடத்தில் இன்னொரு சொட்டு விட ஒட்டிக்கொண்டது. 2010இல் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. பெப்ரைட்டுக் கரைசலை 80 பாகைக்குச் சூடாக்கி ஆறவிட்டு, உப்புக் கரைசலுக்குள் குழாயால் கோடு இழுப்பது போல விட்டார்கள். இடியப்பம் பிழிவது போல ஒரு நூல் வந்தது. உள்ளே இருந்த நார்கள் எல்லாம் நூலின் நீளத்துக்கு ஒரே திசையில் படுத்திருந்தன. கலங்களையும் சேர்த்துப் பிழிந்தால் அவையும் அதே திசையில் நீண்டு வளர்ந்தன. முண்ணாணும் இதயத் தசையும் திசை உள்ள இழையங்கள், அவற்றுக்கு இது முக்கியம்.

இனி 2021. சைடா அல்வாரெஸ் முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை. எலிகளின் முண்ணாணில் கடுமையான நசிவுக் காயம் உண்டாக்கி, ஒரு நாள் கழித்து ஒரே ஒரு ஊசி. நாரில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று மேலே சொன்ன லமினின் துண்டு, நரம்பு இழைகள் மறுபடி வளர. மற்றது வளர்ச்சிக் காரணி ஒன்றைப் போல நடிக்கிற பெப்ரைட்டு, குருதிக் குழாய்கள் வளரவும் கலங்கள் பிழைக்கவும். அறுந்த இழைகள் வளர்ந்தன, தழும்பு குறைந்தது, இழைகளைச் சுற்றி மயலின் உறை மறுபடி வந்தது, புதிய குருதிக் குழாய்கள் வந்தன, இயக்க நரம்புக் கலங்கள் கூடுதலாகப் பிழைத்தன. சில கிழமைகளில் எலிகள் பின்னங்கால்களால் நடந்தன. கூழ் 12 கிழமைக்குள் சிதைந்து கலங்களுக்குச் சத்தாகிப் போய்விட்டது.

எலி நடந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தக் கட்டுரையில் இருந்த ஒப்பீடு. இரண்டு ஊசி செய்தார்கள். அடையாளங்கள் இரண்டிலும் ஒன்றே. நடுவில் இருக்கிற, எந்தக் கலமும் வாசிக்காத நாலு அமினோவமிலங்களை மட்டும் மாற்றினார்கள். அந்த நாலும் இறுக்கமாகப் பிணைந்தால் நாருக்குள் மூலக்கூறுகள் அசையாமல் நிற்கும், தளர்வாகப் பிணைந்தால் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு ஊசியையும் ஒப்பிட, ஆடுகிற மூலக்கூறுகள் இருந்த ஊசி தெளிவாகக் கூடிய பலன் கொடுத்தது. கலத்தின் மென்சவ்வில் இருந்து அடையாளத்தை வாசிக்கிற வாங்கிகளும் ஓயாமல் அசைகின்றன. அடையாளமும் அசைந்தால் இரண்டும் சந்திக்கிற வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். மனிதக் கலங்களில் ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோதும் அசைவு கூடியவற்றில் சமிக்ஞை கூடுதலாக இருந்தது. "நடனமாடும் மூலக்கூறுகள்" என்று அவர்கள் பெயர் வைத்தது இதற்காகத்தான்.

இதற்கு முன் இந்தத் துறையில் எல்லோரும் கேட்டது, எந்தச் சமிக்ஞையை வைப்பது, எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்று. சமிக்ஞை எவ்வளவு அசைய வேண்டும் என்பதை ஒரு மருந்தின் அளவு போல மாற்றிப் பார்க்கலாம் என்று யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்கவில்லை. பலவீனமான பிணைப்பு ஒரு குறை என்று நினைத்துப் பழகிய பொறியியலுக்கு இது பெரிய திருப்பம். முண்ணாணில் அது பலிக்காமல் போனாலும்கூட வேறு எத்தனையோ இடத்தில் இந்த அறிவு உதவும் என்று நம்புகிறேன்.

எலிக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்தையும் சொல்லிவிட வேண்டும். எலியின் முண்ணாணில் இழை சில மில்லிமீற்றர் வளர்ந்தாலே பலன் தெரியும், மனிதருக்கு அதைவிட அதிக தூரம் வளர வேண்டும். எலி நாலு காலில் நடக்கிற பிராணி, மூளையின் கட்டளை முழுதாக வராவிட்டாலும் முண்ணாணே கால்களை ஓரளவு இயக்கும். ஆய்வுக்கூடத்தில் எல்லா எலிக்கும் ஒரே மாதிரிக் காயம். மரத்தால் விழுந்தவருக்கும் மோட்டார் சைக்கிளில் அடிபட்டவருக்கும் காயம் ஒரே மாதிரி இருக்காது.

இந்தக் குடும்பத்துப் பொருள்கள் மனிதரை எட்டவே இல்லையா என்றால், எட்டியிருக்கின்றன. சுகுவாங் ஜாங் வளர்த்தெடுத்த வேறொரு பெப்ரைட்டு, 16 அமினோவமிலம் கொண்டது, கொழுப்பு வால் இல்லாதது, குருதி பட்டவுடன் கூழாகிக் கசிவை நிறுத்துகிறது. பியூராஸ்டாட் என்ற பெயரில் குடல் உள்நோக்கிச் சிகிச்சைகளில் பாவிக்கிறார்கள். ஸ்டப்பின் குழு முழங்கால் கசியிழையத்திலும் (மூட்டில் என்பின் நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பு) வேலை செய்கிறது. ஹயலூரோனிக் அமிலமும் பெப்ரைட்டும் கலந்த பொருளைச் செம்மறியாடுகளின் முழங்காலில் வைத்து, ஆறு மாதத்தில் கசியிழையம் நன்றாகச் சீரானதை 2024இல் வெளியிட்டார்கள். செம்மறியின் முழங்கால் பாரம் தாங்குகிற விதத்தில் மனிதருடையதற்குக் கிட்டியது. அதனால் மனிதருக்கு முதலில் வரப்போவது முழங்கால் சம்பந்தமானதாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கடைசியாக உங்கள் படிப்பு. உயிரியல் பிரிவில் இருப்பது தடை இல்லை. மொறட்டுவையில் இருக்கிற பொருளியல் பொறியியல் கணிதப் பிரிவினருக்கானது. ஆனால் இந்தத் துறைக்கு அது ஒன்றுதான் வாசல் என்றில்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையிலோ யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ இரசாயனவியலைச் சிறப்பாக எடுத்து, அதிலிருந்து உயிர்ப்பொருள்களுக்குப் போகலாம். ஹோமாகமவில் நனோ தொழினுட்ப நிறுவனம் இருக்கிறது, ஆய்வு எப்படி நடக்கிறது என்று பார்க்க நல்ல இடம். மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. முண்ணாண் காயத்துக்கு இன்றைக்கு நம்பிக்கை தருகிற ஒரு ஆய்வை ஒரு பொருளியல் விஞ்ஞானியின் கூடத்தில்தானே செய்தார்கள்.

உயர்தர இரசாயனவியலில் மூலக்கூற்றிடை விசைகள் பகுதியையும், எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) வருகிற பகுதியையும் பரீட்சைக்கு மட்டும் என்று படிக்காதீர்கள். கொழுப்பு வால்கள் ஒன்றுசேர்வதற்குப் பெரிய காரணம் வால்களுக்கிடையேயான ஈர்ப்பு என்று பலர் எழுதுவார்கள். உண்மையில் வாலைச் சுற்றி ஒழுங்காக நிற்க வேண்டியிருந்த தண்ணீர் மூலக்கூறுகள் விடுபட்டு எந்திரப்பி கூடுவதுதான் அறை வெப்பநிலையில் முதன்மைக் காரணம். இது விளங்கினால் புரதம் மடிவதும், மென்சவ்வு உருவாவதும் சேர்த்தே விளங்கும்.

2001 கட்டுரை ஐந்தே பக்கம். உங்கள் பாடசாலை ஆசிரியரிடமோ கம்பஸில் படிக்கிற அக்கா, அண்ணாமாரிடமோ சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் எழுத்தை விட்டுவிட்டு முதல் படத்தை மட்டும் எடுங்கள். மூலக்கூறின் ஐந்து பகுதிகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். உயிரியல் புத்தகத்தில் உள்ள அமினோவமிலங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிளைசீன் மூன்றையும் எடுத்துவிட்டு வேலின் மூன்றை வைத்தால் நாருக்கு என்ன ஆகும் என்று யோசித்து எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், வாசித்துப் பதில் போடுகிறேன்.